பஸ்ஸில் ஏறுவதும் பஸ்பாரில் ஏறுவதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை, மின்னியல் துறை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது உபயோகமாப் பேசுங்க சார், இருபது நிமிஷம்தான்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "ஆயுசு பூரா என்ன செஞ்சீங்களோ அதைப் பத்தியே பேசுங்களேன்" என்றார். யோசித்துப் பார்த்தால், நான் ஆயுசு பூரா செய்தது ஒரே வேலைதான். ஜெனரேட்டரை பாரில் ஏற்றுவது, அதற்கு உடம்பு சரியில்லை என்றால் இறக்குவது. நடுவில் பதவிப் பெயர்கள் மாறின, தலைமுடி போயிற்று, வேலை மாறவில்லை.

பாடம் ஆரம்பித்தது இந்தக் கட்டடத்திலேதான். கீழ்த்தளத்து மெஷின் லேப் ஞாபகம் இருக்கிறதா? ஒரு டி.சி. மோட்டார், அதோடு கோர்த்த ஒரு ஆல்டர்னேட்டர், சுவரில் ஒரு மரப்பலகை, பலகையில் பல்புகள். ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு பல்பு தொடராக மாட்டியிருக்கும். ஏன் இரண்டு என்று வைவாவில் கேட்பார்கள், நம்மில் பாதிப் பேர் முழிப்போம். திறந்திருக்கும் ஸ்விட்சின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும் நேரத்தில் பல்புக்கு இரண்டு மடங்கு வோல்டேஜ் வரும், அதனால்தான். மூன்று ஜோடியும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தால் பேஸ் வரிசை சரி. ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்தால் வரிசை தப்பு. சேர்ந்து அணையும் நேரம் பார்த்து ஸ்விட்சைப் போட வேண்டும். லேப் அட்டெண்டர் கதவருகில் நின்று "இப்போ போடு தம்பி, இப்போ போடு" என்பார். அவர் சொல்லும்போது போட்டவன் பிழைத்தான். புத்தகத்தைப் பார்த்துப் போட்டவனின் சத்தம் அடுத்த வகுப்புவரை கேட்டது. என் ரெக்கார்டு நோட்டில் அந்தச் சத்தம் பற்றி ஒரு வரியும் இல்லை.

பொறியாளர் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஓடும் பஸ்ஸில் ஏறுவது நம் தலைமுறைக்குத் தெரியும். இறங்கி நின்றுகொண்டு கையை நீட்டினால் தோள் கழன்றுவிடும். பஸ்ஸின் வேகத்துக்கு நாமும் ஓட வேண்டும், படிக்கட்டு நம் எதிரே வரும்போது கால் வைக்க வேண்டும். ஜெனரேட்டரும் அப்படித்தான். வோல்டேஜ் ஒத்துப்போக வேண்டும், ஃப்ரீக்வென்ஸி ஒத்துப்போக வேண்டும், பேஸ் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும், அந்தக் கணத்தில் அலையின் உச்சியும் உச்சியும் நேராக நிற்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் காட்டத்தான் சிங்க்ரோஸ்கோப் என்ற கடிகாரம் இருக்கிறது. அதன் முள் 'வேகம்' என்ற திசையில் மெல்லச் சுற்ற வேண்டும், ஒரு சுற்றுக்குப் பதினைந்து நொடி என்ற கணக்கில். நம் மெஷின் ஒரு இழை வேகமாக இருந்தால், ஏறியவுடன் சுமையை வாங்கிக்கொள்ளும். மெதுவாக இருந்தால், ஏறியவுடன் கிரிட் அதை இழுக்க வேண்டி வரும். சரியாகப் பன்னிரண்டில் ஸ்விட்சைத் திருப்புகிறவன் தாமதமானவன். பழைய எண்ணெய் பிரேக்கர் மூடவே கால் நொடி எடுக்கும். அதற்குள் முள் கடிகாரத்தில் ஒரு நிமிஷக் கோடு நகர்ந்துவிடும். ஆகவே ஒரு கோடு முன்னாலேயே திருப்ப வேண்டும். இந்தக் கணக்கைப் போடவே மாட்டார் நல்ல ஆபரேட்டர். கை தானாகத் திரும்பும்.

ஏறியாயிற்று, அப்புறம்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஏறிய பிறகு ஆவியைக் கூட்டினால் மெஷின் வேகமாக ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது. தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கும்போது நீங்கள் மட்டும் முந்தி ஓட முடியுமா? இறுக்கி இழுக்கலாம், அவ்வளவுதான். கவர்னர் செய்வது அந்த இழுப்பைக் கூட்டிக் குறைப்பது. தேரே சற்று மந்தமானால், அதாவது ஃப்ரீக்வென்ஸி குறைந்தால், ஒவ்வொருவரும் தன் சக்திக்கு ஏற்பக் கொஞ்சம் அதிகம் இழுக்க வேண்டும். அந்த விகிதத்தைத்தான் ட்ரூப் என்கிறோம், வழக்கமாக நான்கு, ஐந்து சதவீதம். எக்ஸைட்டேஷன் வேறு விஷயம். அது கையின் பிடி. பிடியை இறுக்கினால் வோல்டேஜைத் தாங்கலாம், ரியாக்டிவ் பவர் கொடுக்கலாம். பிடி விட்டுப்போனால் வடம் கைக்குள் வழுக்கும், உள்ளங்கை எரியும். ஃபீல்டு போன மெஷினின் ரோட்டார் சூடாவதும் அதே கதைதான்.

வடம் பிடித்திருக்கிற மாதிரி நடித்துக்கொண்டு, இழுக்காமல் இழுபடுகிறவர்களும் உண்டு. (சிரிப்பு.) எல்லா அலுவலகத்திலும் உண்டு என்கிறீர்கள், சரி. ஜெனரேட்டரில் அவரைப் பிடிக்க ரிவர்ஸ் பவர் ரிலே இருக்கிறது. ஆவி நின்றுபோன டர்பைனை கிரிட் மோட்டார் மாதிரி சுற்ற ஆரம்பித்தால், குளிர வைக்க ஆவி ஓட்டம் இல்லாமல் பிளேடுகள் சூடாகிவிடும். அதற்கு முன் கழற்றிவிட வேண்டும்.

கிரிட் எவ்வளவு பெரிய தேர் என்பதற்கு நம் காலத்து உதாரணங்களே போதும். 1990-களில் தெற்கே ஃப்ரீக்வென்ஸி 48.5-க்குக் கீழே அடிக்கடி போகும். மெயின்ஸை நம்பி ஓடும் கடிகாரம் அந்த ஃப்ரீக்வென்ஸியில் ஒரு நாளைக்கு 43 நிமிஷம் பின்தங்கும். நமக்கு அது வேடிக்கை, டர்பைன் கடைசி வரிசை பிளேடுகளுக்கு அது வியாதி. 2003 ஜனவரி முதல் தேதி தென்மண்டலத்தில் புதிய கட்டண முறை வந்தது. ஃப்ரீக்வென்ஸி குறைந்த நேரத்தில் அதிகமாக இழுப்பவன் அதிக விலை கொடுக்க வேண்டும் என்றார்கள். இருபது வருஷம் இஞ்சினீயர்கள் கத்தியதை விட பில் நன்றாக வேலை செய்தது. இப்போது 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

2012 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. தெற்கு தப்பியது. சாமர்த்தியம் என்று சிலர் மார் தட்டினார்கள். நாம் அப்போது மற்ற மண்டலங்களோடு உயர் அழுத்த நேர்மின் இணைப்புகள் வழியாக மட்டுமே தொடர்பு வைத்திருந்தோம். அடுத்த வீட்டோடு ஒரே வடத்தைப் பிடித்திருக்கவில்லை, அவர்கள் விழுந்தபோது நாம் விழவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே, 2013 டிசம்பர் 31 இரவு, ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் அதே வடத்தைப் பிடித்தது. ஒரு பக்கம் தென்மண்டலம் மொத்தமும், மறுபக்கம் மிச்ச இந்தியா. நடுவில் ஒரு பிரேக்கர். பார்க்க வேண்டியது நம் லேப் பலகையில் பார்த்த அதே விஷயங்கள்தாம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு லேப் அட்டெண்டரின் குரல் கேட்டது.

2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கணைத்தோமே, அன்றைக்கு நாடு முழுக்கச் சுமார் 31,000 மெகாவாட் சுமை இறங்கியது. எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நீர்மின் நிலையங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பதினேழாயிரம் மெகாவாட்டுக்கு மேல் இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். நீங்களெல்லாம் மொட்டை மாடியில் அகல் விளக்கு வைத்திருந்தீர்கள். நான் மொபைலில் ஃப்ரீக்வென்ஸி பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

சோலார் பற்றிக் கேட்பீர்கள். சோலார் பேனலில் சுற்றுகிற எடை கிடையாது. தேரின் சக்கரம் கனமாக இருப்பதால்தான் பத்துப் பேர் கை விட்டாலும் உடனே நிற்பதில்லை. அந்தக் கனத்தை இனி பேட்டரியும் இன்வர்ட்டரும் செய்து காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே மதியத்தில் இருண்டன. அங்கே வோல்டேஜ் கட்டுமீறி ஏறி, ஒவ்வொன்றாகக் கழன்றன. எக்ஸைட்டேஷன் என்ற 'பிடி'யைப் பற்றிச் சொன்னேனே, அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இனி பாதுகாப்பு. ஜெனரேட்டரைச் சுற்றி ரிலேக்கள் காவல் நிற்கின்றன. உள்ளே போன கரண்டும் வெளியே வந்த கரண்டும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டிஃபரன்ஷியல், மூன்று பேஸும் சமமில்லாமல் ரோட்டார் சூடாகிறதா என்று பார்ப்பது ஒன்று, ஸ்டேட்டாரில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. முழுப் பட்டியல் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நான் படிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரிலே கண்ணால் பார்ப்பதில்லை. சி.டி.யும் பி.டி.யும் சொல்வதைக் கேட்கிறது. அவை பொய் சொன்னால் ரிலேயும் பொய்யை நம்பும். சிங்க்ரோஸ்கோப்பும் நம்பும். பக்கத்தில் நிற்கும் இஞ்சினீயரும் நம்புவான்.

இதை நான் கற்றுக்கொண்ட இடத்தைப் பற்றி இதுவரை எந்த மேடையிலும் பேசியதில்லை. இன்றைக்குப் பேசலாம் என்று தோன்றுகிறது.

1983 டிசம்பர். ஒரு சர்க்கரை ஆலை. ஊரும் பேரும் வேண்டாம். எனக்கு வயது 27. கரும்புச் சக்கையை எரித்து ஆவி, ஆவியில் இரண்டு டர்பைன் செட். இரண்டும் சேர்ந்து ஓடினால்தான் முழு அரவை. அந்த வருஷம் ஆஃப் சீசனில் இரண்டாம் செட்டின் பி.டி. கருகிப்போய், புதியது மாட்டினார்கள். மாட்டியவர் ஆலையின் மூத்த எலெக்ட்ரீஷியன், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். பழைய ஒயர்களில் நம்பர் வளையங்கள் உளுத்து உதிர்ந்திருந்தன. அரவை தொடங்கி இரண்டு நாள் ஒரே செட்டில் ஓடியது. மூன்றாம் நாள் இரவு இரண்டாவதை ஏற்ற வேண்டும்.

அவர் வந்து சொன்னார்: "சார், ஒயரை எல்லாம் ஞாபகத்திலே கட்டியிருக்கேன். பஸ்ஸை ஒரு தடவை டெட் பண்ணி, இந்த மெஷினை மட்டும் தனியா ஏத்திப் பார்த்துரலாம். ரெண்டு பி.டி.யும் ஒரே வோல்டேஜைப் பார்க்கும். முள் பன்னெண்டுலே அசையாம நிக்கணும். நின்னா சரி."

சரியான யோசனை. ஆனால் அதற்கு ஆலையை ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும். அன்று காலையில்தான் மேலிடத்தில் ஒரு நிறுத்தத்துக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "பேஸ் சீக்வென்ஸ் மீட்டர் வச்சுப் பார்த்தாச்சே அண்ணே, சரியாத்தானே சுத்துது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவத் தம்பிகள் இங்கே கவனியுங்கள். ஆர்-ஒய்-பி என்பது ஒய்-பி-ஆர் என்று ஒரு இடம் தள்ளிப்போனாலும் வரிசை அதே வரிசைதான். மீட்டர் சரி என்றே காட்டும். வோல்டேஜ் சரி, ஃப்ரீக்வென்ஸி சரி. ஆனால் முள் பன்னிரண்டில் நிற்கும்போது மெஷின் உண்மையில் 120 டிகிரி தள்ளி நிற்கும். பேனலில் இருந்த விளக்குகளும் அதே பி.டி.யில்தான் மாட்டியிருந்தன, அவையும் சமர்த்தாக அணைந்தன.

முள் மெல்ல வந்தது. ஒரு கோடு முன்னால், மிகச் சரியாக, நான்தான் திருப்பினேன்.

அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. தரை ஒரு முழம் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. கியர் பெட்டியின் சிறிய சக்கரத்தில் பற்கள் போயின, கப்ளிங் போல்ட்டுகள் வெட்டிப் போயின. ஓடிக்கொண்டிருந்த முதல் செட்டும் டிரிப் ஆனது. ஆலை மொத்தமும் இருட்டு. போக வழியில்லாத ஆவி, பாய்லர் சேஃப்டி வால்வைத் திறந்துகொண்டு ஊரையே எழுப்பியது. யாருக்கும் காயமில்லை. கப்ளிங் பக்கம் வழக்கமாக நிற்கும் ஆயில்மேன் டீ குடிக்கப் போயிருந்தான்.

விடிவதற்குள் டீசல் செட்டை வைத்து முதல் டர்பைனைக் கிளப்பிவிட்டோம். இரண்டாவது பதினெட்டு நாள் கிடந்தது. அதுவரை பாதி அரவை. வெட்டு உத்தரவு கொடுத்தாயிற்று, கரும்பு வெட்டியாயிற்று, வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. கேட்டுக்கு வெளியே ரோட்டின் இரண்டு பக்கமும் டயர் வண்டிகளும் டிராக்டர்களும். கரும்பு எடைமேடைக்கு வரும்வரை காய்வதெல்லாம் விவசாயியின் கணக்கு. ஒரு பெரியவர் மூன்றாம் நாளாக மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்கடியில் படுத்திருந்தார். என் சட்டைப் பையில் டெஸ்டரைப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, மோட்டாரு எப்ப ஓடும்? கரும்பு நாராப் போவுது" என்றார். பார்த்துக்கிட்டிருக்கோம் ஐயா என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

விசாரணை வந்தது. 'பி.டி. இணைப்பில் ஒயர் மாறியது விபத்துக்குக் காரணம்' என்று அறிக்கை எழுதினேன். அது பொய்யில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். "டெட் பஸ் பார்க்கலாம்னு சார்கிட்டே கேட்டேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, கேட்டாரா என்றார்கள்.

"ஞாபகமில்லை" என்றேன்.

அவருக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன், இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. அந்த வருஷம் அவர் மகள் கல்யாணம் தள்ளிப்போனது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சீசனுக்கு முன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

அப்புறம் எத்தனையோ மெஷின்களை ஏற்றியிருக்கிறேன். பி.டி.யையோ கேபிளையோ தொட்டிருந்தால், டெட் பஸ் பார்க்காமல் ஏற்றியதில்லை. அதற்காகத் தேதி தள்ளிப்போய்ச் சண்டைகள் வந்தன, ஒரு இடத்தில் கான்டிராக்டே போனது. இப்போது சிங்க்-செக் ரிலே, ஆட்டோ சிங்க்ரொனைஸர் எல்லாம் வந்துவிட்டன, கைதவறுவது குறைந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அவையும் அதே பி.டி.யைத்தான் பார்க்கின்றன. அன்றைக்கு எங்கள் பேனலில் இருந்திருந்தால், 'போடலாம்' என்றுதான் சொல்லியிருக்கும்.

1991-ல் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ரிட்டையர் ஆகி, வாசலில் மிக்ஸி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "அண்ணே, அன்னிக்கு நீங்க கேட்டது எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். கொஞ்ச நேரம் மிக்ஸியின் கார்பன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்போ டெட் பஸ் பார்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

"பார்க்கிறேன்ணே."

"பாருங்க."

நடந்ததை எழுதி அந்த ஆலைக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். நிர்வாகம் மாறியிருந்தது, பதில் வரவில்லை. வெட்டிய இன்கிரிமென்ட் வெட்டியதுதான். அவர் இப்போது இல்லை.

மன்னிக்க வேண்டும், செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு வேண்டுகோளுடன் முடித்துவிடுகிறேன். சங்கத்தின் சார்பில் நம் லேபுக்குப் புதிய ஆட்டோ சிங்க்ரொனைஸர் பேனல் வாங்கித் தருகிறோம். மிகவும் சந்தோஷம், என் பங்கையும் கொடுத்துவிட்டேன். ஆனால் அதை வைக்க இடம் வேண்டும் என்று அந்தப் பழைய பல்புப் பலகையைக் கழற்றப் போவதாகத் துறைத்தலைவர் நேற்று சொன்னார். தயவுசெய்து கழற்ற வேண்டாம். அந்தப் பல்புகளுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் பி.டி. கிடையாது. நேற்று மாலை கீழே போய்ப் பார்த்தேன், ஆறில் ஒன்று ஃப்யூஸ் ஆகியிருக்கிறது. குண்டு பல்புக்காக மூன்று கடை ஏறி இறங்கி இரண்டு வாங்கி வந்திருக்கிறேன், பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்டூல் கொடுத்தால் மாட்டிவிடுவேன்.